மல்லாங்கிணற்றுக் காய்ச்சல்

மேடம் லிம் என்னை அழைத்துப் போனது என் தமிழுக்காக அல்ல, என் வாய்க்காக. கிள்ளானில் நான் ஓட்டும் சுற்றுலா வேனில் அவர் ஒருநாள் ஏறினார். மலாக்கா போய்ச் சேர்வதற்குள் என் கல்யாணக் கதையை மூன்று மொழிகளில் சொல்லி முடித்திருந்தேன். இறங்கும்போது அவர், "மணியம், தமிழ்நாட்டில் எனக்கு ஒரு வாய் தேவைப்படுகிறது லா. நான்கு நாள். வருகிறாயா?" என்றார்.

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். மிச்சத் தமிழைக் கச்சான் கடலை மடித்துத் தரும் காகிதத்திலும் வேனில் ஏறுகிறவர்களின் வாயிலிருந்தும் எடுத்துக்கொண்டேன். யாராவது ருசியாக ஒன்று சொன்னால் சட்டைப் பையில் இருக்கும் குட்டி நோட்டில் குறித்துக்கொள்வேன். "இதை எல்லாம் சேர்த்து வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று என் மனைவி கேட்பாள். இத்தனை வருஷம் கழித்து அவளுக்குப் பதில் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டினேன்.

மேடம் லிம்முக்குக் கோலாலம்பூரில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் உத்தியோகம். சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கிறவர்களுக்குப் பணம் போடுகிற நிறுவனம். போடுவதற்கு முன் இடத்தை நேரில் பார்த்துக் கடைசியில் "போடலாம்" அல்லது "வேண்டாம்" என்று ஒரே ஒரு சொல் எழுதுவதுதான் அவர் வேலை. அந்த ஒரு சொல்லுக்காக உலகத்தையே பாதி சுற்றிவிட்டாராம்.

மதுரை விமான நிலையத்தில் மீனா காத்திருந்தார். சிவகாசியில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கும் பெண். முப்பது வயது இருக்கும். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் அடிப்பவர். எங்களை அசத்த வேண்டும் என்று சிநேகிதியிடம் ஒரு மின்சாரக் கார் இரவல் வாங்கி வந்திருந்தார். ஓட்டியவர் காதர் பாய். மீனாவின் அப்பாவுக்கு நெடுங்கால டிரைவர். மின்சாரக் காரை அன்றுதான் முதல் முறையாகத் தொடுகிறார் என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

காரில் ஏறியதும் மேடம் லிம், "ஓகே லா, போகலாம் லா" என்றார். காதர் பாய் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏங்க, இந்தம்மா என்னைய 'லே'ங்குது?"

அந்த ஊரில் "லே" என்பது கூடப் படித்தவனையும் தம்பியையும் கூப்பிடுகிற சொல். முன்பின் தெரியாத பெரியவரை அப்படிக் கூப்பிட்டால் அடி விழும். எங்கள் ஊரில் எல்லாரும் எல்லா வாக்கியத்தின் வாலிலும் கட்டுகிற "லா" அது என்று விளக்கினேன். அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்கம்மாவுக்குப் பெறகு என்னைய யாரும் லேன்னு கூப்பிட்டதில்ல. கூப்பிடட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றார்.

போகும் வழியில் மீனா விஷயத்தைச் சொன்னார். அச்சகத்தில் இரண்டு மிஷின் இருக்கிறது. கரண்ட் பில் வந்தால் இரண்டாவது மிஷினை நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது. கரண்ட் போனாலோ டீசல் ஜெனரேட்டர் அதைவிட அதிகமாகத் தின்கிறது. அவரும் இன்னும் சில சின்ன அச்சகக்காரர்களும் சேர்ந்து மல்லாங்கிணற்றில் மீனாவின் அப்பாவுக்கு இருக்கும் மானாவாரி நிலத்தில் சோலார் தகடு போட்டு, அந்தக் கரண்டை வாங்கிக்கொள்ளத் திட்டம். கரண்டை எடுக்கிறவர்கள் அதில் பங்கும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பங்குக்கு அச்சகக்காரர்கள் தயார். மிச்சப் பணம் மேடம் லிம்மின் கையில், நிலம் அப்பா கையில்.

"ஆடிப் பதினெட்டுக்கு சிவகாசியில அடுத்த வருசக் காலண்டர் மாதிரி எல்லாம் கோத்த ஆல்பம் வெளியிடுவோம். அன்னைக்குத்தான் சீசன் ஆர்டர் பிடிக்க ஆரம்பிப்போம். அதுக்குள்ள ரெண்டு கையெழுத்தும் விழணும். கட்டடம் அப்பாவோடது. கரண்டுக்கு ஒரு வழி பிறக்கலைன்னா அச்சகத்தை மூடிட்டு அட்டைப்பெட்டி குடோனா மாத்திருவேன்னு அப்பா சொல்லிட்டாக."

ஆடிப் பதினெட்டு சனிக்கிழமை. அன்று செவ்வாய். மேடம் லிம்முக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விமானம்.

"அப்பா சம்மதிப்பாரா?" என்றார் மேடம் லிம்.

மீனா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அப்பாவுக்குக் கரண்டையே பிடிக்காது" என்றார்.

காரியாபட்டி விலக்குக்குக் கொஞ்சம் முன்னால் கார் ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் மெதுவாக, ரொம்ப மரியாதையாக, ஓரம் கட்டி நின்றுவிட்டது. காதர் பாய் பதறவில்லை. குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே கைவிட்டுத் தேடினார்.

"என்ன பாய் தேடுறீக?" என்றார் மீனா.

"ரிசர்வும்மா. ரிசர்வ்ல போட்டா இன்னும் பத்து மைல் ஓடும்ல?"

மின்சாரக் காரில் ரிசர்வ் கிடையாது என்று மீனா சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அட, ஆத்திர அவசரத்துக்கு ஒரு சொட்டுக்கூட ஒளிச்சு வைக்க மாட்டானா? என்ன வண்டி இது, ஒளிவு மறைவே இல்லாத வண்டி!" என்றார். நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன்.

வண்டியை ஒரு டீக்கடை வரை தள்ளினோம். மேடம் லிம்மும் கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தள்ளினார். கடை வைத்திருந்த அக்கா நல்லவர். கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிக் கார் பிளக்கைச் சொருக இடம் கொடுத்தார். இஞ்சி டீயும் காராச்சேவும் வந்தன. அரை மணி நேரத்தில் காரைச் சுற்றி ஒரு சின்னத் திருவிழாவே கூடிவிட்டது. "போன் மாதிரியேதான் சார்ஜ் ஏறுமா?" என்றார் ஒருவர். "பின்ன, சுவிட்ச் ஆஃப் பண்ணிப் போட்டா சீக்கிரம் ஏறும்லே" என்றார் இன்னொருவர். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மீனா பார்த்தார். பார்த்துவிட்டுச் சொல்லாமலே இருந்துவிட்டார்.

கடை அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் இடுப்பில் கை வைத்தார். "யம்மா, காலையில இந்த ரோடு பூரா என் கடை தோசைக்குத்தான் வாயைப் பொளந்துகிட்டு வந்து நிக்கும். உங்க காரு தோசை சுட்டுப் போடுமா? நான் மாவு ஆட்டணும், கழத்துங்க."

கழற்றினோம். கடைசியில் சிவகாசிக்குப் பேப்பர் ஏற்றப் போய்க்கொண்டிருந்த வெறும் லாரி ஒன்றை மறித்து, பலகை போட்டுக் காரை மேலே தள்ளி ஏற்றினோம். லாரி கறுப்பாகப் புகை விட்டது. மேடம் லிம் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

"எங்கள் ஆபீஸில் எரிசக்தி மாற்றம் எப்போது வரும், எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வந்துகொண்டிருக்கிறது. டீசல் லாரியில் ஏறி வருகிறது" என்றார்.

ராத்திரிச் சாப்பாடு விருதுநகரில். எண்ணெயில் முங்கி எழுந்த பரோட்டா. எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு இது பெரியப்பா மகன் என்று வையுங்கள். அது மெத்து மெத்தென்று இருக்கும். இது நொறுங்குகிற சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். மேடம் லிம் நான்கு சாப்பிட்டார். பரிமாறியவர் ஐந்தாவதை இலையில் போட்டுவிட்டு, "சும்மா சாப்பிடுங்க, வந்த எடத்துல கூச்சம் எதுக்கு?" என்றார். எங்கள் ஊரில் "பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவோம். இங்கே "சாப்பிட்டீகளா?" என்று கேட்டால் தட்டோடு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மறுநாள் காலை நாரணாபுரம். மீனாவின் அப்பா தங்கப்பாண்டி அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனி. கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தரையில் பதித்த ஒரு செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வரச் சொன்னார்கள். உடம்பில் இருக்கும் கரண்ட் அதில் இறங்கிவிடுமாம். மேடம் லிம்மின் வழுவழுப்பான சட்டையைப் பார்த்துக் காவலாளி தலையை ஆட்டினார். அந்தத் துணியில் பொறி பறக்கும், பருத்தி மட்டும்தான் உள்ளே போகலாம் என்றார். ஐந்து நிமிஷத்தில், கோலாலம்பூர் முதலீட்டு நிறுவனத்தின் மூத்த அதிகாரி, மாம்பழப் படம் போட்ட பருத்தி நைட்டியை மேலே மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு நின்றார்.

அண்ணாச்சி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். "வாங்க, வாங்க. சாப்பிட்டீகளா? தம்பி, அம்மாவுக்குச் சொல்லுங்க. பட்டாசே இவுக தேசத்துலருந்து வந்ததுதான். தாய் வீட்டுக்கு வந்த மாதிரி."

மேடம் லிம் சிரித்தார். தாத்தாவோடு சீனத் தொடர்பு முடிந்துவிட்டது, தனக்குப் பட்டாசுச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்தத் தோன்றும் என்றார். "எனக்கும்தான்" என்றார் அண்ணாச்சி.

சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நல்ல இடைவெளி. ஓர் அறையிலும் பல்பு இல்லை, மின்விசிறி இல்லை, ஒரு வயர்கூட இல்லை. மேடம் லிம் அண்ணாந்து பார்த்தார். "மின்சாரமே இல்லையா?"

"வேலை நடக்கிற எடத்துல ஒரு வயரு கிடையாது. விடிஞ்சா வருவாக, பொழுது சாயுறதுக்குள்ள போயிருவாக. சூரியன்தான் எங்களுக்கு லைட்டு, சூரியன்தான் அடுப்பு. எம் மக என்னமோ இப்பத்தான் சோலார் சோலார்ங்கா. எங்கப்பா காலத்துலருந்து நாங்க சோலாருதான்."

மேடம் லிம்முக்கு இதை மொழிபெயர்த்தபோது அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

அறைகளுக்கு வெளியே நீள நீளமான சிமெண்டு மேடைகள். அவற்றின் மேல் தரையில் சுற்றும் சக்கரமும், பூச்சட்டி என்கிற புஸ்வாணமும் பரப்பிக் கிடந்தன. நாங்கள் மேடைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலை செய்யும் பெண்களைப் பார்த்தபடி நின்றோம். எல்லாரும் உற்சாகமாக இருந்தார்கள். ஏதாவது விசேஷமா என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா காய்ச்சலே இல்ல தம்பி. எல்லாரும் சும்மா ஒக்காந்திருந்தாக. இன்னைக்குத்தான் அருமையான காய்ச்சல் கண்டிருக்கு. அதான் மொகத்துல சிரிப்பு."

எனக்குத் தெரிந்த காய்ச்சல் ஒன்றுதான். தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிற காய்ச்சல். கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் மொழிபெயர்ப்பாளன் தன் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்று எங்கேயோ படித்திருக்கிறேன். அப்படியே சொன்னேன். "இரண்டு நாளாக யாருக்கும் ஜுரம் இல்லாததால் வேலைக்கு வரவில்லையாம் மேடம். இன்றைக்கு நல்ல ஜுரம். அதனால் சந்தோஷமாக வந்திருக்கிறார்கள்."

மேடம் லிம் நைட்டிக்குள் கைவிட்டு முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். "எத்தனை பேருக்கு என்று கேள்."

"எம்புட்டுக்கு அண்ணாச்சி காய்ச்சல்?" என்றேன், உள்ளூர்ப் பேச்சு எனக்கும் வருகிறது என்ற பெருமையோடு.

"எல்லாத்துக்கும்தான், ஒண்ணு விடாம. ஓரத்துல கெடக்குறதுக்கு மட்டும் கொஞ்சம் கம்மி. அதையும் மத்தியானத்துக்குள்ள நடுவுல இழுத்துப் போட்டுருவோம்."

ஓரத்தில் வேப்பமரத்தடியில் ஓர் அம்மா உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். மேடம் லிம் அந்த அம்மாவைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. பையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினார்.

"எதுக்குத் தம்பி மாத்திரை?"

"காய்ச்சலைக் குறைக்க, அண்ணாச்சி."

அண்ணாச்சி ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். வேலை செய்த பெண்களைக் கூப்பிட்டு, "ஏ தாயி, இங்கன பாருங்க, காய்ச்சலைக் குறைக்க மாத்திரை தாராக!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "நல்ல தமாசுக்காரம்மா. வேணாம்னு சொல்லுங்க தம்பி. காய்ச்சல் கொறைஞ்சா எனக்குத்தான் நட்டம். இது என்ன காய்ச்சல்? மல்லாங்கிணத்துக்கு வந்து பாருங்க. வருசம் பூரா மண்டையைப் பொளக்கிற காய்ச்சல். ஒரு மனுசன் நிக்க முடியாது."

மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடவில்லை.

அன்று மத்தியானம் மல்லாங்கிணற்றுக்குப் போவதாக இருந்த பயணத்தை மேடம் லிம் ரத்து செய்தார். சிவகாசி லாட்ஜில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவர், சாயங்காலம் மடிக்கணினியைத் திருப்பி எனக்குக் காட்டினார். அறிக்கையில் இரண்டு வரி எழுதியிருந்தார். "தொழிலாளர் நலம்: மிக மோசம். முதலாளி: சிரிக்கிறார்."

வியாழக்கிழமை காலை மீனா ஓடி வந்தார். மேடத்துக்கு என்ன குறை என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அவருக்குக் காய்ச்சல் பற்றித்தான் கவலை."

மீனாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அவ்வளவுதானா? அதுக்கா இம்புட்டு யோசனை? காய்ச்சலுக்கு நாங்க பொறுப்புன்னு சொல்லுங்க. ஐப்பசி கார்த்திகையில கொஞ்சம் விட்டு விட்டு அடிக்கும். மத்த மாசம் பூரா கொறையவே கொறையாது. வேணும்னா எழுதியே தாரேன்."

எழுதியே தந்தார். அச்சகத்தின் பெயர் போட்ட தாளில், முத்திரை வைத்து. அதைக் கதவுக்கு வெளியே நின்றபடி மேடம் லிம்முக்குப் படித்துச் சொன்னேன். "வருஷத்தில் பத்து மாதம் ஜுரத்துக்கு உத்தரவாதம் தருகிறார்கள் மேடம். எழுத்து மூலமாக."

உள்ளே பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. "நாளைக் காலை விமானம் இருக்கிறதா என்று பார்" என்றார்.

கீழே வரவேற்பறையில் மீனா உட்கார்ந்திருந்தார். நல்ல சேதியை எதிர்பார்த்து, ஆடிப் பதினெட்டுக்கு அடித்த புதுக் காலண்டர் ஆல்பத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. என் மனைவி கேட்டால் நம்ப மாட்டாள். "மேடம் ஓய்வெடுக்கிறார்" என்று சொல்லிவிட்டு, காதர் பாயைக் கூட்டிக்கொண்டு விருதுநகருக்குப் பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு மிளகாய் வற்றல் வாங்கி வரும்படி மனைவி சொல்லியிருந்தாள். அந்தக் கடமையாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று.

பஸ்ஸில் என் மடியில் ஒருவர் முருங்கைக்காய்க் கட்டை வைத்துவிட்டு இறங்கும் வரை எடுக்கவில்லை. பின்னால் இரண்டு பேர், மின்சார விதி மாறிவிட்டதா, மாறப் போகிறதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "நீ சொல்றது போன மாசப் பாலிசி லே. அத நான் படிச்சு முடிச்ச அன்னைக்கு மாத்திட்டான்." "அப்ப நீ படிக்காத லே. நீ படிக்காட்டி அவன் மாத்த மாட்டான்." கோலாலம்பூர் கூட்டங்களில் கோட்டுப் போட்டவர்கள் இதையே இரண்டு மணி நேரம் பேசுவார்கள் என்று மேடம் லிம் சொல்லியிருக்கிறார்.

மிளகாய்க் கடையில் மூட்டை மூட்டையாகச் சிவப்பு. தும்மிக்கொண்டே ஒரு குவியலைக் காட்டி, "இதில் இரண்டு கிலோ" என்றேன். கடைக்காரர் ஒரு வற்றலை எடுத்துக் காதருகே ஆட்டினார். நசுக்கினார். தலையை ஆட்டினார்.

"கடல் தாண்டிப் போறதா? அப்ப இது வேணாம் அண்ணே. இதுக்குக் காய்ச்சல் பத்தலை."

"எதற்கு?"

"வத்தலுக்கு. காய்ச்சல் பத்தாததைக் கட்டிக் குடுத்தா ஊருக்குப் போறதுக்குள்ள பூஞ்சணம் பூத்துரும். இந்தா, இது நல்ல காய்ச்சல். கலகலன்னு சத்தம் கேக்குதா?"

எனக்குக் கேட்டது. மிளகாயின் சத்தம் இல்லை. என் தலைக்குள் இரண்டு நாளாக நான் மொழிபெயர்த்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் படுக்கிற சத்தம்.

"பாய்," என்றேன். "வெயிலில் காய்வதற்கா காய்ச்சல் என்கிறீர்கள்?"

"பின்ன? காயுறது காய்ச்சல்தானே?" என்ற காதர் பாய் என்னை உற்றுப் பார்த்தார். "ஏங்க, அந்தம்மாகிட்ட நீங்க என்னன்னு சொன்னீக?"

சொன்னேன். அவர் மிளகாய் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பா தும்மலா என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கடைக்காரர் பயந்துபோய்ச் சோடா உடைத்தார்.

சாயங்காலம் லாட்ஜ் கதவைத் தட்டி, கையில் இரண்டு கிலோ மிளகாயோடு மேடம் லிம் முன் நின்றேன். வேலை போனாலும் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஓரத்தில் கிடந்தவை சக்கரங்கள். நடுவில் இழுத்துப் போடப்பட்டவையும் சக்கரங்கள். மோர் குடித்த அம்மா ஆரோக்கியமாக இருக்கிறார்.

அவர் மடிக்கணினியை மூடினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்படியானால் அந்தப் பெண் முத்திரை வைத்து எழுதிக் கொடுத்தது..."

"வெயிலுக்கு உத்தரவாதம், மேடம்."

"நான் எத்தனையோ நாட்டில் வெயில் எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன் மணியம். எல்லாரும் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுவார்கள். முத்திரை குத்தித் தந்தது இவள் ஒருத்திதான்." முகக்கவசத்தைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டார். "அந்த அண்ணாச்சி என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?"

"நல்ல தமாசுக்காரம்மா என்று."

"அதுவாவது சரியாகப் போயிற்று லா" என்றார். பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தார். அடுத்த அறைக்காரர் சுவரைத் தட்டும் வரை நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது விடியவும் மல்லாங்கிணற்றுக்குக் கிளம்பிவிட்டோம். இந்த முறை பெட்ரோல் வண்டி. காதர் பாய் நடந்ததை அண்ணாச்சி வீட்டுக்கு முந்தின நாளே கொண்டு போய்ச் சேர்த்திருந்தார். நாங்கள் இறங்கியதும் அண்ணாச்சி மேடம் லிம்முக்குக் கும்பிடு போட்டு, என் பக்கம் திரும்பினார். "வாங்க டாக்டர் தம்பி."

நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்மண்ணும் கருவேலமுமாகக் கிடந்தது. ஆடிக் காற்று வேட்டியைத் தூக்கித் தலையில் போடப் பார்த்தது. மேடம் லிம் ஒரு கருவியை வைத்து வெயிலை அளந்தார். அண்ணாச்சி புறங்கையை வெயிலில் நீட்டி அளந்தார். இருவருக்கும் திருப்தி.

ஆனால் அண்ணாச்சி சம்மதக் கடிதத்தை வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தம்பி, நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. இந்த நிலத்துலருந்து வர்ற வயரு எங்கன போகும்?"

பக்கத்தில் இருக்கும் அரசாங்கத் துணைமின் நிலையத்துக்கு என்றார் மேடம் லிம்.

"நாரணாபுரம் பக்கம் வருமா?"

"ஓர் அடிகூட வராது."

"எழுதித் தருவீகளா?"

மேடம் லிம் காகிதத்தைக் கார் பானெட்டில் வைத்து, கடிதத்தின் அடியில் தன் கையால் எழுதினார். அண்ணாச்சி அதை எனக்குப் படித்துக் காட்டச் சொல்லவில்லை. மீனாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். என்னைப் பார்த்து, "கோவிச்சுக்காதீக" என்றார். நான் எப்படிக் கோபித்துக்கொள்வேன்?

"சரி. இன்னொண்ணு. இங்கன விளையுற கரண்டு சர்க்கார் கம்பியில போயி எல்லாத்தோடயும் கலந்துரும். அப்ப எம் மக மிஷின்ல ஓடுறது என் நிலத்துக் கரண்டுதான்னு எப்படித் தெரியும்?"

"பேங்கில் ஓர் ஊரில் பணம் போட்டு இன்னோர் ஊரில் எடுப்பதைப் போல" என்றார் மேடம் லிம். அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. நான் முந்திக்கொண்டேன். "பால் சொசைட்டி மாதிரி அண்ணாச்சி. உங்கள் மாட்டுப் பாலைக் கேனில் ஊற்றுகிறீர்கள். உங்கள் மகள் வேறு ஊரில் அதே அளவு பால் வாங்கிக்கொள்கிறாள். அது உங்கள் மாட்டுப் பால் இல்லை. ஆனால் நீங்கள் ஊற்றாவிட்டால் அவளுக்குக் கிடைக்காது."

"அப்ப யார் வீட்டு மாடோ குடுக்குற பாலுல எம் மக டீ போடுவா."

"ஆமாம்."

"எம் மாட்டுப் பாலுல எவனோ போடுவான்."

"ஆமாம்."

"நல்லவனாப் பாத்துக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். ஆனாலும் கை பின்னால்தான் இருந்தது.

மேடம் லிம் திடீரென்று கேட்டார். "மழை வரும்போது உங்கள் மேடையில் இருப்பதை மூட எத்தனை நிமிஷம் ஆகும்?"

அண்ணாச்சி திகைத்தார். இதுவரை அவரிடம் யாரும் அவர் தொழிலைப் பற்றி இப்படிக் கேட்டதில்லை போலும். "மேகத்தைப் பாத்தே பாதி மூடிருவோம். ஏன் கேக்காக?"

"என் அம்மா கெத்தாம் தீவில் கருவாடு காயப்போட்டு விற்றார். கிள்ளானுக்கு எதிரே இருக்கும் தீவு. பள்ளிக்கூடத்திலிருந்து மேகத்தைப் பார்த்தால் நான் டீச்சரிடம் சொல்லாமல் ஓடி வர வேண்டும், மூடுவதற்கு. இந்த நிலத்தை நான் கருவியால் மட்டும் அளக்கவில்லை."

நான் இதை மொழிபெயர்த்தேன், ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை யோசித்து. அண்ணாச்சி பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்தார்.

"கருவாட்டுக்காரம்மா மகளா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

மேடம் லிம் முதலில் கையெழுத்துப் போட்டார். அறிக்கையில் தன் ஒரே சொல்லையும் எங்கள் கண்முன்னாலேயே எழுதினார். "போடலாம்." மீனா பேனாவை அப்பாவிடம் நீட்டினார். ஆல்பம் மறுநாள் காலை வெளிவர வேண்டும். அண்ணாச்சி பேனாவை வாங்கினார். தாளில் வைத்தார். நிறுத்தினார்.

"ஏம்மா மீனா, இந்தக் கரண்ட் வந்தா ரெண்டாவது மிஷின் ஓடும்ல?"

"ஓடும்ப்பா."

"என்ன அடிக்கப் போற?"

"பட்டாசு லேபிள். ஆர்டர் பேசிட்டேன்."

"யாரு கம்பெனிக்கு?"

மீனா தயங்கினார். பிறகு நிமிர்ந்து, அண்ணாச்சியின் பக்கத்துக் கம்பெனிக்காரர் பெயரைச் சொன்னார். முப்பது வருஷமாக அண்ணாச்சிக்குப் போட்டியாக நிற்கிறவர் என்று காதர் பாய் என் காதில் ஓதினார். இன்னும் எட்டு கம்பெனிகளின் பெயரையும் மீனா சொன்னார். அப்பா கம்பெனியின் பெயர் அதில் இல்லை. அச்சகம் எப்போது நிற்குமோ என்று பயந்து, அண்ணாச்சி தன் லேபிளை மகளிடம் ஒருநாளும் கொடுத்ததில்லை. லேபிள் நின்றால் லோடு நிற்கும் என்பார்.

காற்று தாளைத் தூக்கியது. அண்ணாச்சி அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, தன் பெயரைத் தமிழில், நீளமாக, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். மீனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பேனாவை மூடாமலே அண்ணாச்சி சொன்னார். "அடுத்த சீசனுக்கு என் லேபிளையும் எழுதிக்க. மொதல்ல என்னோடதை அடி."

மீனா பையிலிருந்து ஆர்டர் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார். ஒன்பது பெயரும் தாண்டி, பத்தாவது வரியில் விரலை வைத்தார்.

"ஒம்பது பேரு முன்னாடி நிக்காகப்பா. வரிசையில வாங்க."

அண்ணாச்சி மகளைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்தப் பத்தாவது வரியில் தன் கம்பெனியின் பெயரைத் தானே எழுதினார்.